வலது கன்னத்தில் மச்சம்

"ஐயா, விழுப்புரம் பேருந்து நிலையத்தில் தங்கள் நோட்டீஸைப் பார்த்தேன். அதில் உள்ள படத்தைப் போல ஓர் ஆள் பத்து நாளாக எங்கள் கோயில் பக்கம் இருக்கிறார். பேர், ஊர் கேட்டால் சொல்லவில்லை. ஆனால் இவருக்கு மச்சம் இடது கன்னத்தில் உள்ளது. நோட்டீஸில் வலது கன்னம் என்று போட்டிருப்பதால் இவர் வேறு ஆள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் தெரிவிப்பது கடமை என்று எழுதுகிறேன்."

திருவாமாத்தூரில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் எழுதிய அஞ்சலட்டை இது. தேதி 25-10-1993, திங்கட்கிழமை. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு 28-ஆம் தேதி வியாழக்கிழமை காலைத் தபாலில் வந்தது. வந்த தேதியை அட்டையின் மூலையில் பென்சிலால் குறித்திருக்கிறேன். அதற்குக் கீழே, அதே பென்சிலால், "வேறு ஆள். நடவடிக்கை தேவையில்லை" என்றும் குறித்திருக்கிறேன். குறித்துவிட்டு அட்டையைக் கம்பியில் குத்தி வைத்தேன். அன்று எனக்கு மனத்தில் ஒரு சிறு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலது, இடது என்று தெளிவாகப் போட்டிருந்ததால்தானே ஒரு ஏழைப் பெண்ணுக்கு வீண் அலைச்சல் மிச்சமாயிற்று என்று நினைத்தேன்.

அந்த அச்சகத்தில் நான் புரூப் பார்ப்பவன். முதலாளி, கம்போஸ் செய்ய இருவர், டிரெடில் என்ற அச்சு மிஷினைக் காலால் மிதிக்கும் மிஷின்மேன், நான். இரண்டு டிரெடில், ஒரு கட்டிங் மிஷின், சுவர் நீளத்துக்கு எழுத்துப் பெட்டிகள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்து வாயால் சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். பத்திரிகையில் யார் பெயர் முதலில், யார் பெயருக்கு என்ன அடைமொழி என்று சண்டை வந்தால் அதையும் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து தீர்த்துக்கொள்வார்கள். அச்சில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

1993 செப்டம்பர் கடைசியில் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. அக்டோபர் முழுக்க எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கடை ரசீது, பள்ளிக்கூடத் தலைப்புத்தாள், சங்கத்துச் சீட்டு என எல்லாவற்றிலும் மாவட்டத்தின் பெயரை மாற்ற வேண்டும். கொண்டுவருகிறவர்கள் பழைய தாளையே நீட்டுவார்கள். நான் சிவப்பு மையால் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதுவேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை. யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூலத்தில் இருப்பது தவறு, நான் எழுதுவது சரி. அந்த மாதம் என் கைக்கு அப்படி ஒரு பழக்கம் ஏறியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது நடந்த வரிசையில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

அந்த நோட்டீஸுக்காக அவர் வந்தது அக்டோபர் 4, திங்கட்கிழமை. திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் கிறிஸ்தவப் பெண். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கணவர் வெள்ளையடிக்கும் வேலைக்காரர். அந்த ஆண்டு கோடையில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது, நினைவு திரும்பவில்லை. சாப்பிடுவார், நடப்பார், சொன்னால் சிரிப்பார். தன் பெயரைச் சொல்லத் தெரியாது, ஊரைச் சொல்லத் தெரியாது. செப்டம்பர் 29, புதன்கிழமை காலை, மனைவி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருந்த நேரத்தில் வீட்டை விட்டு இறங்கியவர் திரும்பவில்லை.

பெயர் சொல்லத் தெரியாத ஒருவரை வேறு எதை வைத்துத் தேடுவது? முகத்தை வைத்துத்தான். அந்த முகம் ஒரே ஒரு போட்டோவில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஸ்டுடியோவில் எடுத்தது. ஊர் மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஒரு தாளில் விவரங்களை எழுதிக் கொடுத்திருந்தார். உயரம், நிறம், கட்டியிருந்த கைலி. கடைசி வரி: "அடையாளம், இடது கன்னத்தில் பெரிய கருப்பு மச்சம்." அவர்கள் வீட்டுக்குத் தபால்காரர் வருவதே அபூர்வம் என்பதால், தகவல் தெரிந்தவர்கள் அச்சகத்துக்கு எழுதட்டும் என்று முதலாளியே சொன்னார். அதனால் நோட்டீஸில் எங்கள் முகவரி போனது.

படம் அச்சாக வேண்டுமானால் அப்போது பிளாக் வேண்டும். போட்டோவைப் புதுச்சேரியில் பிளாக் செய்பவருக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். அவர் அதைப் பெரிய கேமராவில் பிலிமாக எடுத்து, துத்தநாகத் தகட்டின் மேல் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, தகட்டை அமிலத்தில் அரித்து, முகத்தைச் சிறு சிறு புள்ளிகளாகக் கொண்டுவருவார். பிறகு தகட்டை ஒரு மரக்கட்டையில் அறைந்து அனுப்புவார். தகட்டில் முகம் இடவலம் மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் அழுத்தும்போது நேராக விழும். பிலிமை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டால் தகட்டில் நேராகவும் தாளில் மாறியும் வந்துவிடும். படத்துக்குள் ஏதாவது எழுத்து இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். முகத்தில் எழுத்து கிடையாது.

இது எங்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் புதிதாகப் பிள்ளையார் பிளாக் செய்து வாங்கியபோது அப்படித்தான் திரும்பி வந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் பத்திரிகைக் கட்டைப் பிரித்தவுடனே துதிக்கை வலப்பக்கம் வளைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வலம்புரிப் பிள்ளையாருக்கு நியமம் அதிகம், எங்கள் வீட்டுக்கு ஆகாது என்று மொத்தக் கட்டையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

பிளாக் அக்டோபர் 8, வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. போட்டோ கூட வரவில்லை. மறந்துவிட்டதாகவும் அடுத்த பார்சலில் அனுப்புவதாகவும் சீட்டு எழுதியிருந்தார் பிளாக்காரர். அன்று அந்தப் பெண்மணியும் வந்திருந்தார். தினமும் வந்துகொண்டிருந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் மை டப்பாக்களை ஒட்டிய பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். மிஷின்மேன் ஒரு பிரதி எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான் ஒருபுறம் உபதேசியாரின் தாளையும் மறுபுறம் அந்தப் பிரதியையும் வைத்துக்கொண்டு படித்தேன். தாளில் "இடது கன்னத்தில்" என்றிருந்தது. படத்தில் மச்சம் அவருடைய வலது கன்னத்தில் இருந்தது.

எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. எதிரில் நிற்பவரின் வலதை நம் இடதாக எழுதுவது எல்லோரும் செய்யும் பிழை. போட்டோவைப் பார்த்து எழுதிய உபதேசியாரும் அப்படித்தான் எழுதியிருப்பார். மனிதர் எழுதியதில் பிழை இருக்கலாம், போட்டோவில் எப்படி இருக்கும்? "இடது" என்பதை அடித்து "வலது" என்று எழுதினேன். கம்போசிட்டர் இரண்டு நிமிடத்தில் எழுத்தை மாற்றினார். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "8-10-93. காணவில்லை நோட்டீஸ். மூலத்தில் மச்சம் பக்கம் தவறு. அச்சாகும் முன் கண்டுபிடித்தேன்."

என் நாற்காலிக்கும் அந்த பெஞ்சுக்கும் பத்தடிகூட இருக்காது.

மாலை நோட்டீஸ் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார் முதலாளி. அவருக்குப் படிக்கத் தெரியாது. படத்தைத்தான் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அவரு மாதிரி இல்லியே, முதலாளி" என்றார். எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ அவருடைய தம்பியைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றார். முதலாளி ஆறுதலாகத்தான் பேசினார். பிளாக்கில் எல்லா முகமும் கொஞ்சம் மாறும், மை பட்டால் அப்படித்தான் இருக்கும், வெளியே ஆட்கள் பார்த்தால் கண்டுகொள்வார்கள் என்றார். அவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

கண்ணாடியில் தன் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகியவருக்குத் தன் போட்டோ அந்நியமாகத் தெரியும் என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன். நாம் நன்றாக அறிந்த முகத்தை இடவலம் மாற்றிக் காட்டினாலும் அப்படியே ஆகும். அந்த அம்மா அன்று கண்டுபிடித்துவிட்டார். என்ன கண்டுபிடித்தார் என்பதைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டியவன் நான்.

நோட்டீஸ்கள் திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களின் வெளிச்சுவரிலும் ஒட்டப்பட்டன. ஆயுத பூஜைக்கு மிஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்தபோது, ரேக்கில் இருந்த பிளாக்குகளுக்கும் மிஷின்மேன் வரிசையாகப் பொட்டு வைத்தார். அந்த முகத்தின் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு விழுந்தது. அவர் கிறிஸ்தவர் என்று யாரோ சிரித்தார்கள். மிஷின்மேன், "துத்தநாகத்துக்கு ஏதுப்பா வேதம்" என்றார். ஐந்து நாள் கழித்து அஞ்சலட்டை வந்தது. அதை என்ன செய்தேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று அவர் அச்சகத்துக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். ஏதாவது தபால் வந்ததா என்று கேட்டார். உபயோகமானதாக எதுவும் வரவில்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லை அப்படியே சொன்னேன்.

மறுநாள் வியாழக்கிழமை, நவம்பர் 4. எங்கள் தெருக்கோடியில் தையல்கடை வைத்திருந்தவர் துணிகளில் கட்டும் எண் சீட்டு வாங்க வந்தார். தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, கண் சிவந்து, நின்றபடியே தூங்கிவிடுவார் போல இருந்தார். சீட்டைக் கட்டுகிற வரைக்கும் சுவரில் ஒட்டியிருந்த அந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது, எந்த ஊரு டெய்லர் தைச்ச சட்ட? பாக்கெட்ட கொண்டுபோயி சோத்தாங்கை பக்கம் வெச்சிருக்கான்."

மிஷின்மேன் விடவில்லை. "நீ தைச்சதா இருக்கும். தீபாவளி வந்தா நீ காலரையே கையில வெப்ப."

"நான் பட்டன் மறந்திருக்கேன்யா, பாக்கெட்ட மறந்ததில்ல. பட்டன் பட்டியும் பாரு, பொம்பள சட்ட மாதிரி மாத்திப் போட்டிருக்கான். இந்தச் சட்டய வாங்கிக்கினு போனானே, அவன சொல்லணும்."

இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய்ச் சுவருக்கு முன்னால் நின்றேன். படத்தில் இருப்பவரின் சட்டைப் பையில் ஒரு பேனா செருகியிருந்தது. எழுதத் தெரியாதவர். ஸ்டுடியோக்காரர் அழகுக்காகக் கொடுத்த பேனாவாக இருக்க வேண்டும். அது அவருடைய வலது மார்பில் இருந்தது. ஒரு மாதமாக அந்தப் படம் என் தலைக்கு மேலே சுவரில் இருந்திருக்கிறது.

ரேக்கில் இருந்து பிளாக்கை எடுத்துப் பார்த்தேன். பொட்டு இன்னும் இருந்தது. புதுச்சேரிக்குப் போன் போட்டோம். போட்டோ அங்கேயே மேஜை இழுப்பறையில் இருந்தது. எந்தக் கன்னம் என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னார் முதலாளி. கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தவர் என்னைப் பார்க்கவில்லை. "இடது" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருடைய கிராமத்துக்குப் போனேன். விழுப்புரம் பக்கத்தில் ஓர் ஆளைப் பார்த்ததாகத் தகவல் வந்திருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றேன். அவர் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கணவருக்கென்று ஒரு வேட்டியையும் சட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஓயாமல் பேசினார். வந்ததும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வைக்க வேண்டும், மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. அட்டை வந்த தேதி, அதில் இருந்த விஷயம், நான் செய்த திருத்தம், அட்டையைக் கம்பியில் குத்தி வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை.

"நான் அங்கதான சார் குந்திக்கினு இருந்தேன். எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா கை வெச்சே காட்டியிருப்பேனே."

பிறகு தன் இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விழுப்புரத்தில் இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

திருவாமாத்தூர் டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். அந்த ஆள் கோயில் மதிலோரம்தான் இருந்தார் என்றார். காலையில் இவர் வீட்டிலிருந்து கேப்பைக் கூழ் கொடுப்பார்களாம். யாரோடும் பேச்சில்லை. ஆனால் மதிலுக்கு முன்னால் நின்று, ஒரு கையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருப்பாராம். சுண்ணாம்பு அடிப்பதுபோல. அதைக் கேட்டதும் அந்த அம்மா மதில் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இப்ப எங்கங்க?"

"திங்கக்கிழம காலைல கூழு குடிச்சாரு. அதுக்கப்புறம் காணலீங்க. பம்பை ஆத்துப் பக்கம் போனதா ஒருத்தரு சொன்னாரு."

திங்கட்கிழமை என்றால் நவம்பர் 1. அட்டை என் கைக்கு வந்தது அக்டோபர் 28. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நான்கு நாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். இந்தக் கணக்கை அன்று அந்த டீக்கடை வாசலில் நின்று போட்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டிருப்பேன் என்று தெரியாது. விடை மாறுவதில்லை.

டீக்கடைக்காரர் தன் மேல் தவறு இல்லை என்று நிரூபிக்கப் பார்த்தார். இங்கேயுள்ள வட்டப்பாறைக்கு முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், மச்சம் இடது கன்னம்தான் என்றார். பொய்ச் சத்தியம் செய்தவர் பிழைக்கமாட்டார் என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்பும் இடம் அது. அவரை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அம்மா அவரிடம் ஒன்றுதான் கேட்டார். முகம் அதே முகமாக இருக்கும்போது ஏன் விட்டீர்கள்?

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அச்சுல போட்டிருந்துதும்மா. கையால எழுதி ஒட்டியிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். அச்சுல வர்றதுன்னா படிச்சவங்க நாலு பேரு பாத்துதானே போடுவாங்கன்னு இருந்துட்டேன்."

நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன். உபதேசியாரின் கையெழுத்தைவிட பிளாக்கை நம்பினேன். டீக்கடைக்காரர் தன் கண்ணைவிட என் எழுத்தை நம்பினார். நேரில் கண்டவர் ஒருவர், உடன் வாழ்ந்தவர் ஒருவர். அந்த இரண்டு பேரின் சொல்லும் ஒரு துத்தநாகத் தகட்டுக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆற்றின் இரு கரையிலும் தேடினோம். மழை பிடித்துக்கொண்டது. மாலையில் திரும்பும்போது மஞ்சள் பையை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து சரியான பிளாக் நவம்பர் 9 அன்று வந்தது. திருத்திய நோட்டீஸை அடித்து, பழைய நோட்டீஸ்களின் மேலேயே ஒட்டினோம். நானே பசை வாளியோடு விழுப்புரத்துக்குப் போனேன். தீபாவளி வார மழையில் பாதி கிழிந்து தொங்கியது. சில இடங்களில் மேல்தாள் பாதி உரிந்து, கீழிருந்த பழைய முகம் தெரிந்தது. இரண்டு கன்னத்திலும் மச்சம் உள்ள ஒரு மனிதர் சுவர் சுவராக நின்றார். ஒரு தகவலும் வரவில்லை.

அதன் பிறகுதான் நான் அச்சுப் படங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கேயாவது எனக்கு மன்னிப்பு எழுதியிருக்கிறதா என்று பார்க்கத்தான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மரத்தில் செதுக்கி அச்சிட்ட காலத்தில் சிற்பி எதையும் இடவலம் மாற்றியே வரைய வேண்டும். மறந்தால் வீரன் இடக்கையில் வாள் பிடிப்பான், ஊரின் கிழக்குத் தெரு மேற்கே போகும். செம்புத்தகட்டில் கீறியவர்களுக்கும், கல்லில் வரைந்தவர்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் அச்சுக்குச் செதுக்கும்போது பல படங்கள் திரும்பியே வெளியாகி, அப்படியே புழங்கின. வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது பொருட்படுத்தவில்லை. ஆனால் தெய்வப் படங்களில் இந்தப் பிழை நிலைப்பது கடினம். எந்தக் கை ஆசி வழங்கும், எந்தக் கையில் வேல் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அரசனுக்கும் அப்படித்தான். சரியான பக்கம் எது என்று கேட்க ஆள் இருப்பவர்களின் முகம் அச்சில் சரியாக வரும். பிள்ளையாரின் துதிக்கைக்காக ஒரு கட்டுப் பத்திரிகையைத் திரும்ப அடித்த நாங்கள், வெள்ளையடிக்கிற ஒருவரின் கன்னத்துக்காகப் பத்தடி நடக்கவில்லை. புத்தகங்களில் எனக்குக் கிடைத்தது இதுதான்.

1994 பிப்ரவரியில், நான் பல இடங்களில் கேட்டு வைத்திருந்ததன் பயனாக, ரயில்வே போலீஸ் பதிவேட்டில் ஒரு பதிவைப் பார்க்கக் கிடைத்தது. முந்தைய நவம்பர் 19 அன்று விழுப்புரத்துக்கு வடக்கே இருப்புப்பாதை ஓரம் கிடந்த அடையாளம் தெரியாத ஓர் ஆண். சுமார் முப்பது வயது. உரிமை கோர யாரும் வராததால் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அடையாளம் என்ற இடத்தில், "கன்னத்தில் மச்சம்." படம் ஒட்டியிருந்த இடத்தில் ஈரம் பட்டு உப்பிய கருப்புத் தாள்தான் இருந்தது. இந்த முறை ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. மறுநாளே அந்த அம்மாவை அழைத்துப் போனேன். எழுத்தர் பொறுமையாக அந்த வரியைப் படித்துக் காட்டினார்.

"எந்தக் கன்னம்னு போட்டிருக்குதாங்க?" என்று கேட்டார் அவர்.

எழுத்தர் மறுபடி படித்தார். போடவில்லை என்றார்.

புதைத்த இடத்தையும் தேடிப் போனோம். அங்கே குறி எதுவும் இல்லை. மண் ஒரே மட்டமாக இருந்தது, முள் முளைத்திருந்தது. அவர் எட்டி நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போவேன். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்துக்கொண்டே வருவார். அந்த அம்மா வாசலுக்கு வெளியே ரோட்டோரமாக நிற்பார். அவருடைய மாமியார், மாமனார் கல்லறைகள் உள்ளேதான் இருந்தன. அவற்றுக்குப் பூவை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவார். உள்ளே போனால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று ஒருமுறை சொன்னார். என்னை அவர் ஒருபோதும் திட்டியதில்லை. வருகிற ஆண்டெல்லாம் "சாப்ட்டீங்களா சார்" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் பழகவே இல்லை.

எங்கள் அச்சகம் 1999-இல் பிளாக் தேவைப்படாத ஆப்செட் அச்சுக்கு மாறியது. ரேக்கில் இருந்த பிளாக்குகள் மூட்டையாகக் கட்டிப் போனபோது அந்த இரண்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் என் புத்தக அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

2011 ஏப்ரலில் அவர் என் வீடு தேடி வந்தார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விழுப்புரத்தில் லாரி ஓட்டுபவர். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது, பத்திரிகை அடிக்க வேண்டும், நீங்கள் கூட வாருங்கள் என்றார். ஏன் என்னை என்று நான் கேட்கவில்லை. பழைய அச்சகத்துக்கே போனோம். இப்போது அங்கே கம்ப்யூட்டரில் தட்டுவது கல்யாணமான ஓர் இளம்பெண். விவரங்களைக் கேட்டு வேகமாக அடித்து, ஒரு பிரதி எடுத்து என்னிடம் நீட்டினார். பெண்ணின் பெயருக்குக் கீழே தகப்பனார் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்தது.

நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே என்றேன்.

"அப்பா இல்லன்னு கல்யாணப் பொண்ணு போன்ல சொல்லிச்சுங்க. அம்மா சொல்ல மறந்துட்டாங்கன்னு நானே போட்டேன். தப்பில்லியே, சார்?"

என் பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுத்தேன், மூடியைத் திறக்கவில்லை. பெஞ்சுக்குப் போனேன். மை டப்பா இருந்த இடத்தில் தண்ணீர் கேன் இருந்தது. அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தகப்பனார் பெயருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

அவர் என்னையே திருப்பிக் கேட்டார். "நீங்க இன்னா சார் நெனைக்கிறீங்க? இருக்காரா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"அச்சுல போட்டுட்டா அப்புறம் அதான்னு ஆயிடும்."

"ஆமாம்மா."

"அப்போ எடுத்துருங்க."

அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் சிலர் பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டதாகவும், வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவர் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆண்டு நவம்பரிலும் அவர் வாசலுக்கு வெளியேதான் நின்றார்.

இதை எழுதுவது 2014 நவம்பர் 3. நேற்றும் போய் வந்தேன். என்னிடம் உள்ளவை: அஞ்சலட்டை ஒன்று, நோட்டீஸ் இரண்டு வகை, பிளாக் இரண்டு, 1993 நாட்குறிப்பு, பதிவிலிருந்து நான் கையால் எழுதிக்கொண்ட நகல். திருவாமாத்தூரில் கூழ் குடித்தவர் அவர்தான் என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். நவம்பர் 19 அன்று இருப்புப்பாதை ஓரம் கிடந்தவர் அவர்தானா, அந்த மச்சம் எந்தக் கன்னத்தில் இருந்தது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.